வில்வத்தை இறக்கிய தெரு

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்து விழாவில் ஒரு பெரிய மனிதர் பேசினார். அந்தக் காலத்துத் திருவனந்தபுரத்தில் யாரும் யாரையும் நோகடித்ததில்லையாம். அவரவர் அவரவர் இடத்தில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் அனுசரித்துப் போனார்களாம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்த டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தாவிட்டால் எழுந்து ஏதாவது கேட்டிருப்பேன். இத்தனை வயதுக்குமேல் எதற்கு வம்பு என்று அவள் காதோரம் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கணவரின் வலது கால் எப்படிப் போயிற்று என்பதுதான் விஷயம். அனுசரித்துப் போனதால் போயிற்று.

நாங்கள் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே உள்ளவர்கள். வளர்ந்த மரத்தை வேரோடும் மண்ணோடும் பெயர்த்துக் கொண்டுபோய் வேறிடத்தில் நடுவது எங்கள் குடும்பத்து வேலை. புதிதாகப் பங்களா கட்டுகிற வக்கீல்களும் துரைமார்களும் கன்று வைத்து நிழலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். வீடு குடிபுகும் அன்றே வாசலில் மாமரம் நிற்க வேண்டும், அதுவும் நேற்று நட்டதுபோல் தெரியக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு எங்களைத் தெரியும். மரத்தைச் சுற்றி ஒரு மழைக்காலத்தில் பாதி, அடுத்த மழைக்காலத்தில் மீதி என்று வாய்க்கால் தோண்டி, அறுபட்ட வேர்கள் புதிதாக முளைவிட்டுப் பொடித்த பிறகுதான் பெயர்ப்போம். வேரைப் பிடித்திருக்கும் மண் உதிராமல் சாக்கைச் சுற்றித் தென்னங்கயிற்றால் வரிந்து கட்டிவிடுவோம். அந்த மண் உருண்டைக்கு எங்கள் பேச்சில் 'கட்டு' என்று பெயர். கல்யாண வீட்டு அண்டாவைப்போல இருக்கும் ஒவ்வொரு கட்டும். மரம் பிழைப்பதும் சாவதும் கட்டு உடையாமல் போய்ச் சேருவதில் இருக்கிறது.

எட்டு ஆண்கள், இரண்டு பெண்கள். ஆண்கள் கட்டை நகர்த்துவார்கள். நானும் என் அண்ணி ஒருத்தியும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சாக்கு காயாமல் நனைத்துக்கொண்டே இருப்போம். கூட்டத்துக்குத் தலைவன் என் அண்ணன். அவன் கட்டைத் தொடமாட்டான். எல்லாரும் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு குரல் கொடுப்பான். நீளமாக "ஏ…லோ" என்றால் வடத்தை ஒரு சாண் தளர்த்த வேண்டும். வெட்டினாற்போல "ஹோய்" என்றால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். குரலே வராவிட்டாலும் பிடித்தபடியே நிற்க வேண்டும். யாரும் தன் கண்ணை நம்பி எதுவும் செய்யக் கூடாது. கட்டுக்குப் பின்னால் இருப்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது, முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஆகவே காதுக்குத்தான் கை கட்டுப்படும். பல வருஷம் இப்படியே பழகி, அண்ணன் வீட்டில் மாட்டை விரட்டக் குரல் கொடுத்தால்கூட என் கணவரின் விரல்கள் தாமாகவே அசைவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எட்டுப் பேரும் ஒரே சாதி, ஒரே பந்தி, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்தவர்கள். ஆனால் நாலு பேர் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தவர்கள். என் கணவர், அவருடைய இரண்டு தம்பிகள், அவர்களுடைய சித்தப்பா. மற்ற நாலு பேர் சேராதவர்கள்: அண்ணன், அண்ணியின் தம்பிகள் இருவர், அடுத்த விளையில், அதாவது தோட்டத்தில், குடியிருந்தவர் ஒருவர். அம்மாவும் நானும் ஞானஸ்நானம் பெற்றபோது அப்பாவும் அண்ணனும் வரவில்லை. உபதேசியார் வீடு தேடி வந்து பேசும்போது அண்ணன் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டே முழுக்கக் கேட்பான். முடிந்ததும் "நல்லாத்தான் சொல்லுதீரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். எங்களுக்குள் அதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் அவன் வீட்டுக்குப் போகும், கோயில் கொடைப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வரும்.

எங்கள் விளையில் நல்ல வில்வம் ஒன்று, யாராவது கேட்டால் பெயர்க்கலாம் என்று அண்ணன் முன்பே இரண்டு மழைக்காலம் வேர் அறுத்துத் தயார் செய்து வைத்தது, நின்றது. இரண்டாள் உயரத்துக்குமேல், வட்டமாகக் கொப்பு விட்டு, முள்ளும் இலையுமாக அடர்ந்து நிற்கும். ஸ்ரீவராகத்தை அடுத்த அக்ரகாரத் தெருக்களில் ஒன்றில் குடியிருந்த ஒரு பெரியவருக்கு அதைப் பற்றி எப்படியோ தகவல் போயிற்று. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவின் கடைசியில் குளத்தங்கரையில் சின்ன சிவன் கோயில் ஒன்று உண்டு. அங்கிருந்த பழைய வில்வம் காற்றில் விழுந்துவிட்டது. தினமும் அர்ச்சனைக்கு இலை வேண்டும், கன்று வளரும்வரை பொறுக்க முடியாது, வளர்ந்த மரத்தையே கொண்டுவந்து வைப்பதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். அவருடைய காரியஸ்தர் எங்கள் ஊருக்கு வந்து, விளையோரத்தில் இருந்த எங்கள் ஜெபவீட்டைப் பார்த்தார். சட்டை போட்டுக்கொண்டு எதிரே நின்ற என் கணவரோடு பேசினார். எல்லாரும் வேதக்காரர்கள்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குளத்தங்கரை என்று மட்டும் சொன்னார், தெருவுக்குள்ளே போக வேண்டும் என்று சொல்லவில்லை.

அண்ணனுக்கு அந்த மரத்தைக் கொடுப்பதில் சந்தோஷம்தான். அதைச் சொல்லாவிட்டால் அவனுக்கு நான் துரோகம் செய்தவளாவேன். "சாமிக்குன்னா கொண்டு போவட்டும் பிள்ள. நம்ம விளையில நிக்கதவிட அங்க நிக்கது நல்லதாக்கும்" என்றான். வேறு எந்த மரத்துக்கும் செய்யாத அளவு அதற்கு வேலை செய்தான். சாக்கு இரண்டு சுற்று, கயிறு மூன்று வரி. கரமனை ஆற்றைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தி, இலையெல்லாம் நனையும்படி எங்களைத் தண்ணீர் தெளிக்கச் சொன்னான்.

தெருமுனைக்கு வண்டி வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. காரியஸ்தர் எதிரே வந்து கையை நீட்டித் தடுத்தார். அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றையும் மந்திரித்த தகட்டையும் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏண்டா, நீ வேதமா?"

"இல்ல ஏமானே."

அவர் முகம் மாறியது. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். வேதமா, வேதமா என்று. சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. கடைசியில் நாலு பேரை இந்தப் பக்கம், நாலு பேரை அந்தப் பக்கம் நிறுத்தினார். அண்ணியை அந்தப் பக்கம், என்னை இந்தப் பக்கம்.

"வேதத்திலே சேர்ந்தவா உள்ளே வரலாம். அதுக்குத் தடையில்லை. மத்தவா இந்த முக்கைத் தாண்டப்படாது" என்றார்.

இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். அன்றைக்கு வழக்கம் அதுதான். அண்ணன் காலங்காலமாகக் கும்பிட்ட சாமியின் தெரு அவனுக்கு அடைத்திருந்தது. அந்தச் சாமியைக் கும்பிடுவதை விட்டுவிட்ட எங்களுக்குத் திறந்திருந்தது. மீறி நடந்தால் தெருக்காரர்கள் அடிப்பார்கள், பிறகு சேவகன் வந்து கட்டிக்கொண்டு போவான். இதைச் சட்டமாக எழுதி வைத்தவர்களும், பார்த்துக்கொண்டிருந்தவர்களும், அதற்கு நியாயம் சொன்னவர்களும் படித்தவர்கள்.

"அப்ப வண்டியத் திருப்புதோம். நாலு பேருக்கு இந்தக் கட்டு அடங்காது" என்றான் அண்ணன்.

"திருப்பறதாவது! முகூர்த்தம் பார்த்து வச்சிருக்கு. ஸ்வாமி காரியம். குழி தோண்டிப் பூஜையெல்லாம் ஆயாச்சு" என்றார் காரியஸ்தர்.

அப்போது என் கணவர் வாயைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம். "நாங்க பார்த்துக்கிடுதோம் மச்சான். மெதுவா இறக்குனா போதும்லா" என்றார். அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். நமக்குப் போக உரிமை இருக்கிறது என்ற நிமிர்வு. அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இத்தனை வருஷம் கழித்தும் மாற்றி எழுத மாட்டேன். காலைப் பறிகொடுத்தவர் என்பதற்காக அதை மறைக்கவும் மாட்டேன்.

அண்ணன் அவரிடமிருந்து திரும்பினான். பிறகு காரியஸ்தரிடம், "நான் உள்ள வரல்ல. ஆனா சத்தம் என் சத்தமாக்கும். இஞ்ச நின்னு நான் குரல் கொடுப்பேன். அது வராம ஒருத்தனும் அனங்கக் கூடாது" என்றான்.

சத்தம் வரலாமா கூடாதா என்று காரியஸ்தர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நின்று, மோவாயைத் தடவிக்கொண்டு. கடைசியில், "சத்தந்தானே, வரட்டும்" என்றார்.

தெரு நேராகப் போய்க் கோயில் மதிலை ஒட்டி வலதுபக்கம் திரும்பும். குழி அந்தத் திருப்பத்துக்கு அப்பால். தெருமுனையில் நிற்கிற அண்ணனுக்கு மதில் தெரியும், வில்வத்தின் நுனி தெரியும், வேறொன்றும் தெரியாது. குழியருகே மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியிலிருந்து குழி விளிம்புவரை இரண்டு தென்னந்தடிகளைச் சாய்த்து வைத்தார்கள். கட்டைச் சுற்றிக் கட்டிய வடத்தை, வண்டிக்கு முன்னால் அடித்த முளையில் சுற்றி, என் கணவரின் தம்பிகளான மைத்துனர்கள் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். மரம் ஆடாமல் இருக்கக் கொப்பில் கட்டிய கயிறுகளில் ஒன்றைச் சித்தப்பா பிடித்தார். இன்னொன்றுக்கு ஆள் இல்லை. குடத்தை வைத்துவிட்டு நான் பிடித்தேன். கட்டு ஒவ்வொரு சாணாக இறங்கி நிற்கும்போதும் அதற்கு முன்னால் தடியில் ஆப்பு வைக்க வேண்டும். அதை என் கணவர் எடுத்துக்கொண்டார். ஆப்பு வைத்ததும் "ஆச்சு" என்று அவர் கத்துவார், அதைக் கேட்டு அண்ணன் அடுத்த குரல் கொடுப்பான். இதுதான் ஏற்பாடு.

குடத்துத் தண்ணீர் தீர்ந்தபோது குளம் பத்தடியில் இருந்தது. அதில் நான் கைவைக்கக் கூடாது என்று அதற்குள் சொல்லிவிட்டார்கள். நடக்கத்தான் உரிமையாம், தண்ணீர் தொடுவதற்கு இல்லையாம். கட்டின் சாக்கு வெயிலில் வெளுக்க ஆரம்பித்தது.

ஆனால் இறக்கம் நன்றாகவே நடந்தது. அண்ணனின் குரல் தெருவழியாக ஓடி வந்து மதிலைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் சேர்ந்தது. ஏ…லோ. வடம் முளையில் கிறீச்சிட்டுத் தளரும். ஹோய். நிற்கும். ஆச்சு. மறுபடியும் ஏ…லோ. பாதித் தடி தாண்டியாயிற்று. வாசல்களில் ஆண்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். காரியஸ்தர் எங்களுக்குத் தீண்டாத தூரத்தில் நின்று, குரல் வரும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கோயிலில் உச்சிப் பூஜை தொடங்கியது. மணியும் செண்டை மேளமும் சேர்ந்து மதிலுக்குள்ளிருந்து கிளம்ப, வேறு எதுவும் காதில் விழவில்லை. எங்கள் வழக்கப்படி எல்லாரும் பிடித்தபடி நின்றோம். கட்டின் பாரம் முழுவதும் இரண்டு பேர் கையில். நாலு பேர் பிடிக்க வேண்டிய வடம் அது. சின்ன மைத்துனனின் புஜம் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. பூஜை எவ்வளவு நேரமோ நடந்தது. மணி நின்ற பிறகும் அண்ணன் குரல் வரவில்லை. என் கணவர் "ஆச்சு" என்று சொல்லாததால் அவன் காத்துக்கொண்டிருந்தான். அவர் ஏன் சொல்லவில்லை என்றால், கடைசியாக வைத்த ஆப்பு நழுவிக்கொண்டிருந்தது. அதைச் சரியாகத் தட்டி ஏற்றுவதற்காகக் குனிந்து, வலது காலைத் தடிகளுக்கு நடுவே ஊன்றியிருந்தார்.

காரியஸ்தருக்குப் பொறுக்கவில்லை. "ஏன் நின்னுட்டேள்? நேரம் போயிண்டிருக்கு" என்றார். யாரும் அசையவில்லை. அண்ணனின் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாரோ, இதென்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டாரோ. இரண்டு கையையும் வாயருகே குவித்து, அண்ணன் சொல்வதுபோலவே நீட்டி, அவர் சொன்னார்.

"ஏ…லோ."

மைத்துனர்களின் கை தளர்ந்தது. அவர்கள்மேல் குற்றமில்லை. யார் குரல் என்று யோசித்துப் பார்க்கிற கை இருந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. கேட்டதும் தளர்த்தத்தான் அவர்களைப் பழக்கியிருந்தது. வடம் ஓடியது. அதை நிறுத்துகிற வார்த்தை காரியஸ்தருக்குத் தெரியாது. அவர் காதில் தங்கியது அந்த நீளமான ராகம் மட்டுந்தான். என் கணவர் கத்திய பிறகே அவர்கள் திரும்ப இறுக்கினார்கள். அதற்குள் கட்டு ஆப்பைத் தள்ளிக்கொண்டு வந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே தடியோடு சேர்த்து அழுத்தி நின்றது.

மைத்துனர்கள் வடத்தை விட முடியாது. விட்டால் கட்டு அவர் உடம்பின் மேலேயே வரும். அவர்கள் இரண்டு பேரும் என் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அழுதுகொண்டு, வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பாவும் நானும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிக் கட்டை முட்டித் தள்ளினோம். மதிலைத் தள்ளியது போலத்தான். நான் திரும்பி வாசல்களைப் பார்த்தேன். நல்ல உடற்கட்டுள்ள ஆண்கள் நின்றிருந்தார்கள். ஆறு பேராவது இருப்பார்கள். "வாங்க ஏமானே, ஒரு கை கொடுங்க" என்று கெஞ்சினேன். ஒருவரும் படியிறங்கவில்லை. எங்களைத் தொட்டால் குளிக்க வேண்டும். குளம் பத்தடியில்தான் இருந்தது.

ஒரு வீட்டு நிலைக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள், "யாராவது போங்கோளேன், அந்தப் பொண்ணு கதறறதே" என்று அழுதாள். அவளை உள்ளே போகச் சொல்லி ஒரு ஆண் குரல் அதட்டியது. அந்த அம்மாளின் முகத்தை நான் பார்க்கவில்லை. எங்கிருந்தாலும் அவள் நன்றாக இருக்கட்டும். மற்றவர்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை.

தெருமுனைக்கு ஓடினேன். அண்ணனும் மற்ற மூன்று பேரும் கத்தலைக் கேட்டு, அவர்களுக்கு விதித்த எல்லையில் ஓரடிகூடக் கூடாமல் குறையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் முகம் சாம்பலாக இருந்தது. "யார்ட்டி குரல் கொடுத்தது? நான் கொடுக்கல்லியே, நான் கொடுக்கல்லியே" என்றான். அவருடைய கால் மாட்டிக்கொண்டது, தள்ள ஆளில்லை என்று சொன்னேன்.

எனக்குப் பின்னாலேயே காரியஸ்தரும் மூச்சு வாங்க ஓடி வந்தார். அவரும் பயந்துபோயிருந்தார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயத்திலும் அவருக்கு ஒரு வழி தோன்றியது. "வேதம்னு ஒரு வார்த்தை சொல்லிடச் சொல்லு இவனை. எனக்கு அது போதும். உள்ளே வரட்டும்" என்றார் என்னிடம்.

நான் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லிரு அண்ணே. ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டு வா."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அது என்மேல் வந்த கோபமில்லை என்பது மட்டும் தெரிந்தது. அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தினான். மற்ற மூவரையும் பார்த்து, "வாங்கலே" என்றான். எல்லையைத் தாண்டி நாலு பேரும் ஓடினார்கள். அண்ணியும் ஓடினாள். வாசல்களில் நின்றவர்கள் ஐயோ என்று கூவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாம்பு வந்தால்கூட அவ்வளவு வேகமாகச் சாத்தியிருக்க மாட்டார்கள்.

பிறகு அதிக நேரமாகவில்லை. இரண்டு பேர் வடத்தில் கூடினார்கள், இன்னொருவரும் அண்ணியும் கடப்பாரை போட்டார்கள், அண்ணன் எல்லாம் தெரிகிற இடத்தில் நின்று குரல் கொடுத்தான். ஏறுவதற்கு வேறு குரல், அதைக் கொடுத்தான். கட்டு ஒரு சாண் மேலேறியது. சித்தப்பாவும் நானும் அவரை இழுத்து வெளியே போட்டோம். எட்டுப் பேரும் முதலிலேயே வந்திருந்தால் இந்த வேலை வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் முடிந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே அவர் கால் இருந்த நிலையை நான் எழுதப்போவதில்லை.

குடத்தில் தண்ணீர் இல்லை. தாகம் தாகம் என்று அவர் நாக்கைச் சப்பினார். யாரும் கேட்காமல் அண்ணி நேரே குளத்துப் படியில் இறங்கிக் குடத்தை அமுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். தடுக்கத் தெருவில் ஆள் இல்லை.

வண்டிப் பலகையைக் கழற்றி அவரைக் கிடத்திக்கொண்டிருந்தபோது, அந்தப் பெரிய வீட்டின் கதவு மட்டும் திறந்தது. வேண்டிக்கொண்ட பெரியவர் வாசலுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலை, பார்க்க நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். அடிக்கச் சொல்லப்போகிறார், சேவகனைக் கூப்பிடப்போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. குழியருகே தடிமேல் நின்ற மரத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், காரியஸ்தரைக் கூப்பிட்டார். நிதானமான குரலில் பேசினார்.

"எப்படியும் தீட்டுப் போகப் புண்யாஹம் பண்ணித்தானே ஆகணும். இனி அரை நாழிகை கூடினாலும் ஒரே புண்யாஹந்தான். இவா எல்லாரும் உள்ளே வந்துட்டாளே, அந்த மரத்தை நட்டு வச்சுட்டே போகச் சொல்லும்."

காரியஸ்தர் அதை எங்களிடம் திருப்பிச் சொன்னார். சொல்ல வேண்டியிருக்கவில்லை, எங்களுக்குக் கேட்டிருந்தது.

அண்ணன் இடுப்பிலிருந்து வெட்டுக்கத்தியை உருவினான். மரத்திடம் போனான். கட்டின் கயிற்றை அறுப்பது நடுவதற்கு முன் செய்கிற வேலைதான். ஆகவே காரியஸ்தர் முகம் தெளிந்தது. "ஜாக்ரதை, இலை உதிராமே" என்றுகூடச் சொன்னார். எங்களுக்குத் தெரியும், குழிக்குள் இறக்கிய பிறகுதான் அறுப்போம். அவன் தடியின் மேலேயே வைத்து அறுத்தான். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. சாக்கை இரண்டு கையாலும் கிழித்தான். நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பொட்டு உதிராமல் கொண்டுவந்த மண் பொலபொலவென்று தெருவில் கொட்டியது. ஒட்டிக்கொண்டிருந்ததை மண்வெட்டியின் காம்பால் தட்டிவிட்டான். வெள்ளை வேர்கள் உச்சி வெயிலில் வெட்டவெளியாகத் தொங்கின. இரண்டு வருஷமாக அந்த வேர்களைப் பொடிக்க வைத்தவன் அவன். அதைச் செய்தபோது அவன் அழுதான். ஒரு பக்கம் பெரியவர் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தோம். எட்டில் ஏழு பேர், தெருவின் நட்டநடுவில்.

ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை என்று டாக்டர் சொன்னார். இன்னும் சீக்கிரம் கட்டை நகர்த்தியிருந்தால் எலும்பு முறிவோடு போயிருக்கும், ரத்த ஓட்டம் நின்று இவ்வளவு நேரமாகிவிட்டதே என்று கேட்டார். அந்த நேரம் எப்படிப் போயிற்று என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வந்து எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் சேவகன் வந்தான். அண்ணனையும் மற்ற மூன்று பேரையும் பிடித்துக்கொண்டு போய் அடித்து, ஒரு வாரம் அடைத்து வைத்தார்கள். வெளியே விட்டதும் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் வீங்கிய முகத்தோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

என் கணவருக்குக் காய்ச்சல் அன்றைக்குத்தான் இறங்கியிருந்தது. கண்ணைத் திறந்து கட்டிலருகே நின்ற அண்ணனைப் பார்த்தார். போர்வைக்குக் கீழே இல்லாமல் போனதைப் பற்றி அவர் கேட்கவில்லை. முகத்தில் என்ன வீக்கம் என்றும் கேட்கவில்லை.

"மரத்த நட்டாச்சா மச்சான்? பிழைச்சுக்கிடுமா?" என்றார்.

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. எனக்கு அந்த இரண்டு ஆண்கள்மேலும், உலகத்தில் உள்ள எல்லார்மேலும் வந்த கோபத்தில் குரல் கிழிந்தது.

"பிழைக்காது. நாங்க பிழைக்க விடல்ல" என்றேன்.